மேல்குரல்காரன்

எஸ்டில் சைஸ்மோருக்கு ஐம்பத்தாறு வயதாகும்வரை அவன் ஒரு பாட்டைக்கூடத் தனியாகப் பாடியதில்லை என்பது அவனுக்கே தெரியாது. நாற்பது வருஷம் மேடையேறியவன். எங்கள் கென்டக்கி மலைப்பக்கத்தில் ப்ளூகிராஸ் என்கிற மலைநாட்டுப் பாட்டைக் கேட்கிற எந்த வீட்டிலும் சைஸ்மோர் சகோதரர்கள் என்றால் காபி ஊற்றிக் கொடுப்பார்கள். அப்படிப்பட்டவனிடம் போய் ‘உனக்குத் தனியாகப் பாட வருமா?’ என்று யார் கேட்கப் போகிறார்கள்? கேட்கத் தேவையும் இருக்கவில்லை. ஆர்பின் இருந்தான்.

ஆர்பின் அண்ணன். மெட்டு அவனுடையது. எஸ்டில் பாடியது மேல்குரல். அண்ணன் ஒரு வரியை எடுத்தால், தம்பி அதே சொற்களை, அதே நொடியில், சற்று மேலே வைத்துப் பாடுவான். ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பதால் இரண்டு குரலும் எந்த இடத்தில் ஒட்டின என்று சொல்ல முடியாது. கேட்கிறவனுக்கு நெஞ்சுக்குள் கைவிட்டுப் பிசைகிற மாதிரி இருக்கும். ஆனால் மேல்குரலை மட்டும் பிரித்தெடுத்துக் கேட்டால் அது ஒரு கிறுக்குச் சமாச்சாரம். ஒரே சுரத்தில் நிற்கும், திடீரென்று ஓரடி நகரும், மறுபடி நிற்கும். கீழே மெட்டு ஓடினால்தான் மேலே ஓடுவதற்கு அர்த்தம் உண்டு.

இதை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சிறு வயதில் காலையில் அண்ணன் மாட்டுக் கொட்டிலில் பால் கறந்துகொண்டே பாடுவான். அடுத்த மாட்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்த எஸ்டில், அண்ணன் பாடுகிற இடத்தில் தனக்கு இடமில்லை என்று கண்டு மேலே போனான். போனவன் அங்கேயே குடியிருந்துவிட்டான்.

அப்புறம் சனிக்கிழமை மத்தியான வானொலி, பள்ளிக்கூட மண்டபங்கள், கோடைகாலத்தில் காருக்குள் உட்கார்ந்தபடியே படம் பார்க்கிற டிரைவ்-இன் தியேட்டர்கள். படம் தொடங்குவதற்கு முன்னால் பாப்கார்ன் கடையின் கூரைமேல் ஏறி நின்று பாட வேண்டும். ஜனங்கள் காரைவிட்டு இறங்க மாட்டார்கள், கைதட்டுவதற்குப் பதிலாக ஹாரன் அடிப்பார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மைக். எஸ்டில் குள்ளம். முதுகுக்குப் பின்னால் ஆள் உயர பாஸ் வாத்தியத்தைச் சாய்த்துக்கொண்டு, கால்விரலில் எம்பி, ஆர்பின் கன்னத்தோடு கன்னம் வைத்துப் பாடுவான்.

“என்ன கருமத்தடா திங்கிற? பச்சை வெங்காய வாடை ஆளைத் தூக்குது” என்பான் ஆர்பின், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்.

“நீ மெல்லுற புகையிலைக்கு அது எவ்வளவோ தேவலாம்ணே.”

ஒருமுறை ஆர்பினின் கார் வழியில் பஞ்சராகிப் போனது. கூட்டம் ஹாரன் அடித்து உயிரை வாங்கியது. பேஞ்சோ வாசிக்கிற ஹூலன், “அவன் வர்ற வரைக்கும் நீ ஒண்ணு பாடுடா” என்று எஸ்டிலை மைக்குக்கு முன்னால் தள்ளினான். எஸ்டில் வழக்கம்போல எம்பி நின்று தன் பங்கைப் பாடினான். ஒரு வரி போனதும் ஜனங்கள் சிரித்தார்கள். கோமாளித்தனம் பண்ணுகிறான் என்று நினைத்துவிட்டார்கள். எஸ்டிலும் சிரித்தான். அதற்குள் ஆர்பின் கையெல்லாம் கிரீஸோடு கூரைமேல் ஏறி வந்தான், பாட்டு ஒழுங்காயிற்று. அதோடு விஷயம் மறந்துபோனது.

ஆர்பினின் மனைவி டெல்ஃபியாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. எந்த நிகழ்ச்சி என்றாலும் முதல் வரிசையில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பாட்டில் எள்ளளவு பிசகினாலும் இடது புருவம் மேலே போகும். அண்ணன் தம்பி இருவரும் கூட்டத்தைப் பார்த்துப் பாடியதில்லை, அந்தப் புருவத்தைப் பார்த்துத்தான் பாடினார்கள். அப்படிப்பட்ட காது அவளுக்கு. ஆனால் வாயைத் திறந்தால் ஒரு சுரம் உருப்படியாக வராது. கல்யாணமான புதிதில் சட்டி கழுவிக்கொண்டே எதையோ பாடியிருக்கிறாள். அடுப்படியில் படுத்திருந்த நாய் எழுந்து வெளியே போய்விட்டது. இந்த நாய்க் கதையை ஆர்பின் வாழ்நாள் முழுக்கச் சொன்னான். அவளும் ஒவ்வொரு தடவையும் கையில் கிடைத்ததை அவன்மேல் எறிந்தாள்.

பாட்டு சோறு போடாது. ஆர்பின் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கினான். எஸ்டிலும் ஒரே ஒரு நாள் இறங்கிப் பார்த்தான். முதுகை நிமிர்த்த முடியாத அந்த இருட்டில் அவனுக்கு மூச்சு முட்டியது. மறுநாள் போகவில்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டப் போய்விட்டான். “என் தம்பிக்கு எப்பவும் மேலதான் இடம், கீழ இறங்க மாட்டான்” என்று ஆர்பின் எல்லாரிடமும் கேலி பேசினான். சிரித்துக்கொண்டே வருஷக்கணக்காகக் கரித்தூளை விழுங்கினான்.

ஐம்பத்தெட்டு வயதில் படியேற முடியவில்லை. கம்பெனி அனுப்பிய டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, சிகரெட்டைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார். ஆர்பின் பிறந்ததிலிருந்து ஒரு சிகரெட் பற்றவைத்ததில்லை. சுரங்கத்துக்குள் நெருப்புக்குச்சி கொண்டு போனாலே வேலை போய்விடும். அந்த டாக்டரைப் பற்றி எங்கள் பக்கத்தில் பேசுகிற பேச்சை இங்கே எழுத முடியாது.

அந்தக் குளிர்காலத்தில்தான் ஆர்பின் அந்தப் பாட்டைக் கட்டினான். சபைப் பாட்டு. நான்கே வரி:

இருட்டில் நிற்கிறேன், என் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆண்டவரே,
எத்தனை பேர் நின்றாலும் என் பெயரை விட்டுவிடாதேயும்.
கூப்பிடுகிற நேரத்தில் நான் இங்கே என்று சொல்ல
ஒரே ஒரு மூச்சை மாத்திரம் எனக்கு மிச்சம் வையும்.

வார்த்தை பெரிதில்லை, மெட்டுத்தான். மூன்றாவது வரியில் ஓரிடத்தில் அது கீழே இறங்கும். இறங்கி, இனி ஏறாது என்று நாம் நினைக்கிற நேரத்தில் மெல்ல ஏறும். கேட்டவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எப்படி இறங்கும், எப்படி ஏறும் என்று கேட்டால் அவர்களுக்கும் சொல்லத் தெரியாது.

எங்கள் ரெட்பட் சபைக்குள் வாத்தியம் கிடையாது, இரண்டு குரலாகப் பிரித்துப் பாடுவதும் கிடையாது. எல்லாருக்கும் ஒரே மெட்டு. பாட்டை நடத்துகிறவர் ஒரு வரியைத் தனியாக எடுத்துச் சொல்வார், ஜனங்கள் அதையே இழுத்து இழுத்துத் திருப்பிப் பாடுவார்கள். பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். அதனால் சைஸ்மோர் சகோதரர்கள் இந்தப் பாட்டை ஆராதனை முடிந்தபிறகு, வெளியே மரத்தடியில் கோழி வறுவலும் சோளரொட்டியும் பரப்பி வைத்துச் சாப்பிடுகிற இடத்தில், வாத்தியமில்லாமல் நின்றபடி பாடுவார்கள். ஆர்பினின் மூச்சு ஏற்கெனவே பாதியாகியிருந்தது. எஸ்டிலின் குரல் முன்னைவிடக் கணீரென்று இருந்தது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடி முடித்து, மேசையோரமாக உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே ஆர்பின் சொன்னான்.

“டேய், என்னைய மண்ணுல வைக்கிறப்ப இதை நீ பாடணும்.”

“சாப்பிடுற நேரத்துல என்ன பேச்சுண்ணே இது?”

“பாடுவியா, மாட்டியா?”

“பாடுறேன், பாடுறேன். கோழியைத் தின்னு.”

டெல்ஃபியா கேட்டாள், சபை மூப்பர் ஹோபர்ட் கேட்டார், மேசையில் இருந்த எல்லாரும் கேட்டார்கள். வாக்குக் கொடுத்தாயிற்று. கொடுக்கும்போது எஸ்டில் எதையும் யோசிக்கவில்லை.

மறுநாள் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, வெறும் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு மலைச்சரிவில் வந்துகொண்டிருந்தான். சும்மா அந்தப் பாட்டை எடுத்துப் பார்த்தான். வந்தது மேல்குரல். சரி, மெட்டைப் பிடிப்போம் என்று மறுபடி எடுத்தான். மேல்குரல்தான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, வேண்டுமென்றே தாழ்வாக ஆரம்பித்தான். இரண்டாவது சொல்லிலேயே குரல் தானாக மேலே போய் உட்கார்ந்துகொண்டது. வேறு பாட்டுகளை எடுத்துப் பார்த்தான். மாட்டுக் கொட்டிலில் கேட்ட பாட்டு, வானொலியில் நூறு தடவை பாடிய பாட்டு. எதற்கும் மெட்டு வரவில்லை. மனசுக்குள் கேட்கிறது, ஆனால் இரண்டு குரலும் சேர்ந்தே கேட்கிறது. அதிலிருந்து அண்ணன் குரலை மட்டும் உருவி எடுக்கப் போனால் எல்லாமே கலைந்து போகிறது.

பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்தினான். இவ்வளவு காலமாகத் தன்னைப் பாட்டுக்காரன் என்று ஊர் நினைத்ததும் தானே நினைத்ததும் பொய் என்று பட்டது. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. நேராக அண்ணன் வீட்டுக்குப் போனான்.

“அண்ணே, அந்தப் பாட்டோட மெட்டை எனக்குச் சொல்லிக் குடு.”

ஆர்பின் ஜன்னலோர நாற்காலியில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு உட்கார்ந்திருந்தான். முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், டெல்ஃபியா ஓடிவந்து முதுகைத் தடவ வேண்டியதாயிற்று.

“அட மடப்பயலே” என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “இம்புட்டு வருஷம் என் காதுக்குள்ளயே கத்துன. நான் என்ன பாடுறேன்னு ஒரு நாளும் கேக்கலையா?”

“கேட்டேன்ணே. கேட்டதாலதான் மேல பாட முடிஞ்சுது.”

“சரி, வாயை மூடிக்கிட்டுக் கேளு.”

ஆர்பின் முதல் வரியை எடுத்தான். குரல் என்று சொல்ல முடியாது, மெலிந்த காற்று. ஆனாலும் அது வாயைவிட்டு வந்த மறுகணம் எஸ்டிலின் தொண்டை தானாகத் திறந்து மேல்குரலைப் பாடியது.

“வாயை மூடச் சொன்னேன்!”

“நான் பாடலைண்ணே. அதுவா வருது.”

“அதுவா வர்றதுக்கு அதென்ன ஏப்பமா?”

மூன்று பேரும் சிரித்தார்கள். மறுபடி எடுத்தான், மறுபடி அதே கதை. எஸ்டில் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டான், அப்போதும் உள்ளுக்குள் மேல்குரல்தான் ஓடியது. அண்ணன் முடித்ததும் கையை எடுத்துவிட்டுப் பாடினால் வந்தது அதே மேல்குரல். டெல்ஃபியாவின் புருவம் மேலே போனது.

“அது இல்ல” என்றாள்.

“அப்ப எதுதான் அண்ணி? நீங்க சொல்லுங்க.”

“எனக்கு எப்படிச் சொல்லத் தெரியும்? அது இல்லைன்னு மட்டும் தெரியுது.”

ஒரு வாரம் இப்படி நடந்தது. எஸ்டில் தினமும் பஸ்ஸை விட்டுவிட்டு வருவான். ஒரு வரி பாடிக் காட்டினால் ஆர்பினுக்கு மத்தியானம்வரை மூச்சு திரும்பாது. உதடு நீலம் பாய்ந்துவிடும். ஒருநாள் எஸ்டில் வாசலில் காலை வைத்ததும் டெல்ஃபியா குறுக்கே வந்து நின்றாள்.

“போதும் எஸ்டிலு. ராவெல்லாம் உக்காந்தே தூங்குறாரு. ஒனக்குப் பாட்டு முக்கியமா, இவரு முக்கியமா?”

“அவருக்குக் குடுத்த வாக்குக்காகத்தானே அண்ணி...”

“அந்த வாக்கைக் காப்பாத்துறேன்னு அவரைச் சீக்கிரமே கொண்டுபோய்ச் சேத்துடாத.”

அவள் சொன்னதில் தப்பில்லை. எஸ்டில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

ஒரே ஒரு கேசட் இருந்தது. மரத்தடியில் பாடியபோது யாரோ பிடித்தது. அதைப் போட்டுக் கேட்டான். தன்னுடைய குரல் மணியடித்த மாதிரி கேட்டது. அடியில் ஆர்பின் இருந்தான் என்று தெரிந்தது, என்ன பாடினான் என்று தெரியவில்லை. மூன்றாவது வரியில் அவன் குரல் இறங்குகிற இடத்தில் ஏதோ ஒரு குழந்தை அழுதது. எஸ்டிலுக்கு அந்தக் குழந்தைமேல் கோபம் வரவில்லை, தன் தொண்டைமேல் வந்தது. கொஞ்சம் அடக்கிப் பாடியிருந்தால் அண்ணன் குரல் கேட்டிருக்குமே, எந்தச் சனியன் பிடித்து இப்படிக் கத்தினேன் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

ஹூலன் இருந்தாலாவது கேட்கலாம். அவன் என்றைக்கோ ஒஹாயோவில் கார் ஃபாக்டரிக்கு வேலைக்குப் போய், அங்கேயே செத்தும் போனான். அவனுக்கும் இந்தப் பாட்டு தெரியாது. பாடிக் காட்ட இந்தப் பூமியில் ஒரே ஆள்தான், அந்த ஆளுக்கு மூச்சில்லை.

அடுத்த வருஷம் மார்ச் மாதத்தில் ஆர்பின் படுக்கையில் விழுந்தான். படுக்கை என்றால் படுக்க முடியாது, நாலு தலையணையை அண்டக்கொடுத்து உட்கார்ந்த வாக்கில்தான். எஸ்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டிருப்பான். பிடித்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்? அண்ணன் ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைக்கிற மாதிரி இழுப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். தன் நெஞ்சு ஒரு தடையுமில்லாமல் ஏறி இறங்குவது அவனுக்கே பிடிக்கவில்லை.

ஒரு மத்தியானம் ஆர்பின் கண்ணைத் திறந்து, “பாடுடா” என்றான்.

“எனக்கு மெட்டு வராதேண்ணே.”

“மெட்டு எனக்குத் தெரியும். நீ... உன்னோடதைப் பாடு.”

எஸ்டில் மெதுவாக எடுத்தான். ஒரு வரி நன்றாகப் போனது. ஆர்பினின் முகத்தில் அப்படி ஓர் அமைதியை அவன் பார்த்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. இரண்டாவது வரியில் ஆர்பினின் உதடு அசைந்தது. மேல்குரல் போகும்போது கீழே பாடாமல் இருக்க அவனுக்கும் தெரியவில்லை. பாட்டுக்கு ஏற்ற மூச்சைத் தேடி அந்த நெஞ்சு எழும்பியது, கிடைக்காமல் துடித்தது, கண் பிதுங்கியது. டெல்ஃபியா அடுப்படியிலிருந்து ஓடிவந்தவள் புருஷனைத் தொடவில்லை. எஸ்டிலின் வாயைத்தான் பொத்தினாள்.

“நிறுத்து! நீ பாடுனா அவரும் பாடுவாரு!”

நிறுத்தினான். ஆர்பின் தம்பியைப் பார்த்துத் தலையை ஆட்டினான். பாடு என்று சொன்னானா, வேண்டாம் என்று சொன்னானா, தெரியவில்லை. அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று. அதைக் கொடுத்தால் அண்ணன் செத்துவிடுவான். கொடுக்காமல் உட்கார்ந்திருந்தான். வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிறபோது ஆர்பின் எப்படியும் போய்விட்டான்.

அடக்கத்துக்கு முன்னால் எஸ்டில் ஹோபர்ட்டிடம் போனான். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நல்ல மனுஷர். சபையில் பாட்டு நடத்துகிறவரும் அவர்தான்.

“பிரதர், என்னால அந்தப் பாட்டைப் பாட முடியாது. வேற யாரையாவது வச்சு வேற பாட்டு பாடிடுங்க.”

“துக்கம் தொண்டையை அடைக்கும் பிரதர். எங்க அம்மாவுக்கு நான் பாடினேனே, எனக்குத் தெரியாதா?”

“துக்கம் இல்ல பிரதர். எனக்கு மெட்டே தெரியாது.”

ஹோபர்ட் அவன் தோளைத் தட்டினார். “உங்களுக்கா மெட்டு தெரியாது? நல்லா சொன்னீங்க போங்க. நில்லுங்க, வாயைத் திறங்க. மத்ததை ஆண்டவர் பாத்துக்குவாரு.”

மனுஷனுக்கு ஒரு தடவை பெயர் வந்துவிட்டால் உண்மையைச் சொன்னாலும் தன்னடக்கம் என்றே எடுத்துக்கொள்வார்கள். எஸ்டிலுக்கு ஆத்திரமாக வந்தது, யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை.

குடும்பக் கல்லறை வீட்டுக்குப் பின்னாலிருந்த மலைமேல். சேறும் வழுக்கலுமாக இருந்த பாதையில் சவப்பெட்டியை ஆறு பேர் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். மலை முழுக்க ஜனம். இரண்டு பிரசங்கம் முடிந்தது. ஹோபர்ட் எஸ்டிலைப் பார்த்தார்.

எஸ்டில் குழியோரம் வந்து நின்றான். பெட்டியைப் பார்த்தான். ஒரே ஒரு தடவை, இன்றைக்கு மட்டும் கீழே இறங்கிவிடு என்று தன் தொண்டையைக் கெஞ்சினான். வாயைத் திறந்தான்.

‘இருட்டில் நிற்கிறேன், என் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆண்டவரே...’

மேல்குரல். கணீரென்று, மலைக்கு மலை எதிரொலிக்கிற மாதிரி, சுத்தமான மேல்குரல். ஒரு வரி முடித்து மூச்செடுக்க நிறுத்தினான். அந்த ஒரு மூச்சு நிறுத்தம் போதுமானதாக இருந்தது. ஒருவர் தனியாக நின்று ஒரு வரியைச் சொல்லி நிறுத்தினால் எங்கள் ஜனங்களுக்கு அர்த்தம் ஒன்றுதான். ஹோபர்ட் தலையை உயர்த்தி, அவன் பாடியதை அப்படியே திருப்பி எடுத்தார். மலையில் நின்ற அத்தனை பேரும் அவரோடு சேர்ந்து, அந்த வரியை இழுத்து இழுத்து, ஒரே குரலாகப் பாடினார்கள். எஸ்டில் பாடிய சுரத்தில், மேலே.

எஸ்டில் கையை உயர்த்தி, இல்லை, இல்லை என்று ஆட்டினான். அவன் பரவசமாகிவிட்டான் என்று நினைத்து ஒருத்தி ‘ஸ்தோத்திரம்!’ என்று கத்தினாள். வரி முடிந்தது. எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்து அடுத்த வரிக்காகக் காத்திருந்தார்கள். நிறுத்திவிட்டால் அண்ணன் பாட்டு ஒரு வரியோடு குழியோரத்தில் அநாதையாக நிற்கும். பாடினால் இப்படித்தான் போகும். பாடினான். மூன்றாவது வரியில் அவன் கண்ணை மூடிக்கொண்டு கீழே இறங்கிப் பார்த்தான். தொண்டை இருந்த இடத்திலேயே நின்றது. ஆர்பின் இறங்கிய இடத்தில் மலை முழுக்க ஒரே சுரத்தில் சமமாக நின்றது.

பாடிக்கொண்டே ஜனங்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து அவன் கையைக் குலுக்கினார்கள். பெரிய பெரிய ஆம்பிளைகள் அழுதார்கள்.

“ஆர்பின் பாட்டை அப்படியே குடுத்திட்டீங்க பிரதர்.”

“அவரே வந்து பாடின மாதிரி இருந்துச்சு.”

குழிக்கு அந்தப் பக்கம் டெல்ஃபியா நின்றுகொண்டிருந்தாள். அவள் மட்டும் பாடவில்லை. இடது புருவம் மேலே போயிருந்தது. அது கீழே இறங்கவே இல்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஹோபர்ட் அந்தப் பாட்டை எடுத்தார், எஸ்டில் பாடிய மாதிரியே. மலைக்கு அந்தப் பக்கத்துச் சபைகளிலிருந்து வந்தவர்கள் அதைக் கேட்டுப் போய் அவர்கள் இடத்தில் பாடினார்கள். கோடைக்குள் அது ஊர்ப் பாட்டாகிவிட்டது. ‘ஆர்பின் சைஸ்மோரின் பாட்டு’ என்று பெயர் சொல்லித்தான் பாடுகிறார்கள். பெயரில் ஒரு குறையும் வைக்கவில்லை.

எஸ்டில் சொல்லாமல் இல்லை. ஆராதனை முடிந்து மரத்தடியில் ஒவ்வொருவரிடமும் சொன்னான்.

“இது மெட்டு இல்லைங்க. இது என்னோட மேல்குரலு. அண்ணன் பாடுனது வேற.”

“அப்படியா? அப்ப அவரு பாடுனதைப் பாடிக் காட்டுங்க, கத்துக்கிறோம்” என்றார் ஹோபர்ட், மனசார.

எஸ்டில் ஒரு வரி எடுத்தான். வந்தது அதே மேல்குரல்.

“பாருங்க, அதேதான் உங்களுக்கும் வருது” என்று அவர் சிரித்தார். “இது நல்லாத்தானே இருக்கு பிரதர். விடுங்க.”

நல்லாத்தான் இருந்தது. அதுதான் கொடுமை. அத்தனை பேர் சேர்ந்து இழுத்துப் பாடப் பாட, மேல்குரலே மெட்டு மாதிரி ஆகிக்கொண்டு வந்தது. எஸ்டிலின் மனசுக்குள் இரண்டு குரலாகக் கேட்டுக்கொண்டிருந்ததும் மெல்ல மெல்ல ஒன்றாகத் தேய்ந்தது. இலையுதிர் காலம் வந்தபோது, ஆர்பின் இறங்குவான் என்பது நினைவிருந்தது. எப்படி இறங்குவான் என்பது சுத்தமாகப் போய்விட்டது.

பஸ் முடித்துவிட்டுத் தினமும் அண்ணி வீட்டுக்குப் போய் வருவது மட்டும் நிற்கவில்லை. அவள் அவித்த பீன்ஸும் சோளரொட்டியும் வைப்பாள். சாப்பிட்டுவிட்டு அவன் பாடிப் பார்ப்பான்.

“அது இல்ல” என்பாள்.

இன்னொரு விதமாக எடுப்பான்.

“அதுவும் இல்ல.”

ஒருநாள் அவனுக்குப் பொறுக்கவில்லை. “உங்களுக்குத்தான் தெரியுதே அண்ணி! ஒரு தடவை, எப்படி வந்தாலும் பரவாயில்லை, வாயைத் திறந்து பாடிடுங்க. நான் பிடிச்சுக்கிறேன்.”

டெல்ஃபியா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாடினாள். கரகரவென்று, ஒரு சுரத்திலும் நிற்காமல், எங்கெங்கோ போய் முட்டியது. ஆர்பின் இருந்திருந்தால் நாய்க் கதையைச் சொல்லியிருப்பான். எஸ்டில் மேசைக்கு மேல் குனிந்து, ஒவ்வொரு சத்தத்தையும் பொறுக்கிப் பார்த்தான். அதில் ஒன்றும் இல்லை. பாதியில் அவளே நிறுத்திவிட்டாள்.

“உள்ள எனக்குக் கேக்குது எஸ்டிலு. அவரு மூச்சு நல்லா இருந்தப்ப பாடுன மாதிரியே கேக்குது. வெளிய எடுக்கத்தான் வழி தெரியல.” அவள் அழுதாள். புருஷனுக்காக அழுததைவிட அதிகமாக அழுதாள்.

அவனுக்குத் தேற்றத் தெரியவில்லை. வேறு எதுவும் செய்யக் கையில் இல்லாததால், தனக்குத் தெரிந்ததைப் பாடினான். தன் பங்கை, ஜனங்கள் இழுக்கிற மாதிரி இல்லாமல், அண்ணன் கன்னத்தோடு கன்னம் வைத்துப் பாடிய அந்தப் பழைய வேகத்தில். டெல்ஃபியா அழுகையை நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள். புருவம் தன் இடத்துக்கு வந்தது. உதட்டோரத்தில் ஏதோ அசைந்தது, சிரிப்பு மாதிரி.

முதல் வரி போனது, இரண்டாவது வரி போனது. மூன்றாவது வரியின் கடைசிச் சொல்லைப் பாடி முடித்துவிட்டு நான்காவதை எடுக்க எஸ்டில் வாயைத் திறந்தான். அவள் கண்ணைத் திறக்காமலே அவன் கையைப் பிடித்து அழுத்தினாள்.

“இரு, அவசரப்படாத. அவரு இன்னும் அந்த வரியை முடிக்கல.”

எஸ்டில் திறந்த வாயோடு காத்திருந்தான். சமையலறையில் அவனுக்கு ஒன்றுமே கேட்கவில்லை.